தண்ணீர் நிலையத்தில் மின்வேலை: மில் கணக்கு ஏன் அங்கே செல்லாது?

#1 மில்_வயரிங்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூர்ப் பக்கத்தில் மின் ஒப்பந்த வேலை செய்து வருகிறேன். விசைத்தறிக் கூடங்களுக்கு மோட்டார் இணைப்புக் கொடுப்பதில் அப்பா தொடங்கிய தொழில் இது. பனியன் கம்பெனி, நூற்பாலை, சாயப்பட்டறை என்று அது விரிந்து, நான் பொறுப்பேற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது முதன்முறையாக ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் சுத்திகரிப்பு நிலையத்தில் மின்வேலையைத் துணை ஒப்பந்தமாகப் பெற்றிருக்கிறேன். நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டர். 11 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் யார்டு, மோட்டார் பேனல்கள், கேபிள், எர்த்திங், விளக்குகள் எல்லாம் என் பொறுப்பு. கட்டுமானமும் பம்புகளும் முதன்மை ஒப்பந்ததாரருடையவை.

நூற்பாலையில் இதைவிடப் பெரிய சுமைகளைப் பார்த்திருப்பதால், வரைபடத்தைப் பார்த்தவுடன் எனக்குப் பயம் எதுவும் ஏற்படவில்லை. ஆனால் இந்தத் துறையில் பழகிய இரண்டு பேர், "மில் கணக்கை அங்கே போடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். எங்கே இடறும் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

#2 பெரம்பூர்_மின்பணி

தம்பி, அவர்கள் சொன்னது சரி. மில்லில் உங்கள் எதிரி சுமை. இங்கே உங்கள் எதிரி காற்று. அதை விளக்குவதற்கு முன் கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1984-ல் ஒரு ஒப்பந்ததாரரிடம் ஏணி பிடிக்கும் பையனாகச் சேர்ந்தேன். சென்னையின் தண்ணீர் வரலாற்றை ஒரு வயர்மேன் கண்ணால் பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும். 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்கு வந்தபோது அங்கே மின்சாரத்துக்கு வேலையே இல்லை. 1914-ல் பொறியாளர் மேட்லி துரையின் திட்டப்படி மூடிய செங்கல் கால்வாயும் மணல் வடிகட்டிகளும் வந்தபோதும், கீழ்ப்பாக்கத்தில் தண்ணீரை உயரத்துக்கு ஏற்றியது நீராவி எஞ்சின்தான். 1895-லேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்ட ஊர் இது. பயணிகளை இழுக்க மின்சாரத்தை நம்பியவர்கள், குடிதண்ணீரை ஏற்ற அதை நம்பவில்லை போலும். எனக்கு அந்தத் தயக்கம் இன்றும் நியாயமாகவே தோன்றுகிறது. டிராம் நின்றால் இறங்கி நடக்கலாம், தண்ணீர் நின்றால் என்ன செய்வது?

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் பழைய பம்ப் ஹவுஸ்களில் ஸ்லிப் ரிங் மோட்டாரும் அதைக் கிளப்பும் எண்ணெய்த் தொட்டி ஸ்டார்ட்டரும் இருந்தன. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ரோட்டார் ரெசிஸ்டன்ஸை வெட்டிக்கொண்டே வர வேண்டும். வேகமாகச் சுற்றினால் ஆம்ப்மீட்டர் முள் கடைசியில் போய் முட்டும், போர்மேன் பின்மண்டையில் ஒன்று வைப்பார். அதன் பிறகு ஸ்டார்-டெல்டா, ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டார்ட்டர், ரிலே பேனல், கணினிக் கட்டுப்பாடான பி.எல்.சி. என்று மாறிக்கொண்டே போயிற்று. 1996-ல் புழலில் 30 கோடி லிட்டர் நிலையம், 2004-ல் வீராணம் தண்ணீருக்காக வடக்குத்தில் 18 கோடி லிட்டர் நிலையம், 2007-ல் செம்பரம்பாக்கத்தில் 53 கோடி லிட்டர் நிலையம் என்று பெரிய நிலையங்கள் வரவர, எங்களைப் போன்ற சிறிய ஒப்பந்ததாரர்கள் துணை ஒப்பந்தத்துக்கும் துணை ஒப்பந்தமாக ஏதாவது ஒரு மூலையில் வேலை செய்து பிழைத்தோம். திறப்பு விழாக் கல்வெட்டில் எங்கள் பெயர் இருக்காது. நள்ளிரவில் பம்ப் நின்றால் மட்டும் எல்லோருக்கும் எங்கள் கைப்பேசி எண் நினைவுக்கு வரும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குளோரின் அறை எங்கே இருக்கிறது, பேனல் அறை எங்கே இருக்கிறது, அந்த ஊரில் ஆண்டின் பெரும்பகுதி காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது? இந்த மூன்றையும் வரைபடத்தில் குறித்துவிட்டு வாருங்கள், மற்றதைப் பேசுவோம்.

#3 பேனல்_அம்பத்தூர்

பெரியவர் கேட்ட கேள்வியின் முக்கியத்துவம் பேனல் செய்பவனான எனக்கு நன்றாகவே தெரியும். குளோரின் வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகத் தவழ்ந்து கேபிள் டிரெஞ்சுக்குள் இறங்கி, டிரெஞ்ச் வழியாகவே பேனலின் அடிவயிற்றில் நுழையும். உள்ளே ஈரம் இருந்தால் அது அமிலமாகிறது. பிறகு பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிரும் செம்புப் பட்டையான பஸ்பார் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; வீட்டில் துலக்காமல் விட்ட செம்புக் குடத்தைப் பார்த்தால் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நிலையத்தில் அடிக்கடி ஒரு ஃபேஸ் விட்டுப்போகிறது என்று எங்களை அழைத்தார்கள். பேனல் எங்களுடையது அல்ல. கதவைத் திறந்தபோது பஸ்பார் முழுவதும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. கான்டாக்டர்களின் வெள்ளி முனைகள் கரி பூசியதைப் போலக் கறுத்திருந்தன. ஆறு ஆண்டுகூட ஆகாத பேனல் அது. பக்கத்து அறையில் குளோரின் டன்னர்கள், அதாவது பெரிய வாயு உருளைகள், இருந்தன. இரண்டு அறைகளுக்கும் ஒரே கேபிள் டிரெஞ்ச், நடுவில் அடைப்பு இல்லை. டிரெஞ்சில் அடைப்புச் சுவர் ஒன்றைக் கட்டிக் குழாய்த் துளைகளை முறையாக அடைத்திருந்தால், அந்தப் பேனல் இருபது ஆண்டுகள் ஓடியிருக்கும். ஆகும் செலவு கொத்தனார் ஒருவருக்கு அரை நாள் கூலி.

ஆகவே பேனலுக்கு ஆர்டர் கொடுக்கும்போது பஸ்பாருக்கு வெள்ளீய முலாமும் மேலே ஸ்லீவும் கேளுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஈரம் சேராமல் காக்கும் ஸ்பேஸ் ஹீட்டர் இருக்கட்டும். ஹீட்டருக்கான மின்சாரத்தை மெயின் பிரேக்கருக்கு முன்னாலிருந்து தனியாக எடுங்கள். பேனல் அணைந்து கிடக்கும் நேரத்தில்தான் ஹீட்டர் தேவைப்படுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

#4 பெரம்பூர்_மின்பணி

ஹீட்டரெல்லாம் வருவதற்கு முன் நாங்கள் பேனலுக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுவோம். வெளிச்சத்துக்கு என்று நினைத்துப் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஐப்பசி மழைக்குப் பேனல் தன் வேலையைக் காட்டியது.

பல்லியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் விளக்கு எரியும், விளக்கு எரியும் இடத்தில் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும், குளிருக்கு அந்தப் பல்லி பேனலுக்குள் போகும். இரண்டு ஃபேஸுக்குக் குறுக்கே ஒரு பல்லி விழுந்ததால் ஒரு நகரத்துக்கு அரை நாள் தண்ணீர் நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேபிள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் கிளாண்டுக்கான துளைகளில், பயன்படுத்தாத ஒன்றைக்கூடத் திறந்து விடாதீர்கள்.

#5 வால்வு_வாத்தியார்

இந்த இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நான் ஒப்பந்ததாரன் அல்லன்; முப்பத்தொரு ஆண்டுகள் நிலையங்களை இயக்கி ஓய்வு பெற்றவன். பல்லியையும் குளோரினையும் குறை சொல்கிறீர்கள், ஒப்பந்ததாரர்கள் எங்களிடம் விட்டுச்செல்லும் வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

நிலையத்தை ஒப்படைக்கும் நாளில் எல்லாம் ஓடும். படம் எடுப்பார்கள், இனிப்பு கொடுப்பார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு கேபிளைத் தேடினால், வரைபடத்தில் உள்ள எண்ணும் கேபிளில் கட்டிய எண்ணும் ஒத்துப்போகாது. வேலை நடந்த விதத்தில் திருத்திய வரைபடம் கேட்டால், டெண்டரோடு வந்த பழைய வரைபடத்தையே புது அட்டை போட்டுத் தருவார்கள். கிளாரிஃப்ளாக்குலேட்டர் பாலத்தின் ஸ்லிப் ரிங் பெட்டி எங்கே இருக்கிறது என்று எங்கள் ஆபரேட்டர்களுக்குச் சொல்லித்தந்த ஒரே ஒரு ஒப்பந்ததாரரைக்கூட நான் சந்தித்ததில்லை. அது கெட்ட பிறகு, நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம்.

புதியவருக்கு விளக்கிவிடுகிறேன். கிளாரிஃப்ளாக்குலேட்டர் என்பது படிகாரம் கலந்த தண்ணீரில் சேறு திரண்டு அடியில் படியும் வட்டத் தொட்டி. அதன் மேல் ஒரு பாலம், நிமிடத்துக்கு ஒரு சுற்றுக்கூட ஆகாத மெதுவான வேகத்தில், இரவு பகலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்; அடியிலுள்ள சுரண்டிகளை அதுதான் இழுக்கிறது. பாலத்தை ஓட்டும் மோட்டார் பாலத்தோடு சேர்ந்தே சுற்றுவதால், அதற்கு நேராகக் கேபிள் இழுக்க முடியாது. தொட்டியின் அடியில் குழாய் பதித்து, நடுத்தூணின் உள்ளே கேபிளை மேலேற்றி, உச்சியில் வெண்கல வளையங்களும் கார்பன் பிரஷ்களும் கொண்ட பெட்டி வழியாக மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். நான்கு புறமும் தண்ணீர், மேலே வெயில், இரவில் பனி: அந்த நிலையத்திலேயே மிக மோசமான இடத்தில் மிகவும் நுட்பமான இணைப்பு இருக்கிறது. அது நின்று ஓர் இரவு கவனிக்கப்படாமல் போனால் சேறு இறுகி, மறுநாள் பாலத்தை ஓட்டும்போது சுரண்டி வளைந்துவிடும்.

#6 பெரம்பூர்_மின்பணி

ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வரைபடம் விஷயத்தில் எங்கள் தொழில் தலைகுனிய வேண்டியதுதான். ஸ்லிப் ரிங் விஷயத்திலும் என் கதை ஒன்று உண்டு, மறைப்பானேன்.

தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில், ஒரு சிறிய நிலையத்தில் அந்தப் பெட்டிக்குச் சாதாரண ஒற்றை அழுத்த கிளாண்ட் போட்டுவிட்டேன். கேபிள் கீழிருந்துதானே வருகிறது, மழை எப்படி நுழையும் என்பது என் கணக்கு. மழை நுழையவில்லைதான். நடுத்தூணின் உள்ளே அடைபட்ட ஈரக்காற்று, பகலில் சூடேறி மேலே வந்து, இரவில் பெட்டியின் மூடியில் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக வளையங்களின் மேலேயே விழுந்தது. இட்லிப் பானை மூடியில் தண்ணீர் கோப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். நான்காவது மாதம் இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பாலத்தின் மேல் ஊர்ந்து போய்ப் பெட்டியைத் திறந்தால், பிரஷ் தூளும் தண்ணீரும் கலந்து மை மாதிரிக் கிடந்தது. வளையத்துக்கு வளையம் அந்த மை வழியாகவே மின்சாரம் பாய்ந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு இரட்டை அழுத்த கிளாண்ட், அடிக்குழாயின் இரு முனைகளிலும் அடைப்புக் கலவை, பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு வடிகால் துளை ஆகியவை இல்லாமல் நான் கையெழுத்திடுவதில்லை.

மில்லில் இந்த நிலைமை வராது, தம்பி. அங்கேயும் ஈரப்பதம் உண்டு, ஆனால் அது நூலுக்காக அளந்து வைத்த ஈரம்.

#7 மில்_வயரிங்

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. பெரியவர் கேட்டபடி வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். பேனல் அறைக்கு மேற்கே பன்னிரண்டு மீட்டரில் குளோரின் அறை. ஆடிக்காற்று மேற்கிலிருந்துதான் வரும். அதோடு பேனல் அறையின் சன்னல்களும் மேற்கே பார்த்திருக்கின்றன.

இன்னொரு சந்தேகம். ஆற்றிலிருந்து நிலையத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போதும் என்று ஒப்பந்தத்தில் உள்ளது. மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. போட்டால் மின்செலவு மிச்சமாகும் என்று ஒரு விற்பனையாளர் வற்புறுத்துகிறார். சாயப்பட்டறைகளில் அதனால் நல்ல பலன் கண்டிருக்கிறேன். இங்கே பரிந்துரைக்கலாமா?

#8 வால்வு_வாத்தியார்

ஆற்று மட்டத்துக்கும் நிலையத்துக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு?

#9 மில்_வயரிங்

ஏறத்தாழ 60 மீட்டர், ஐயா. குழாய் உராய்வெல்லாம் சேர்த்து 70 மீட்டர் ஹெட், அதாவது பம்ப் ஏற்ற வேண்டிய மொத்த உயரம், என்று பம்பின் தகட்டில் இருக்கிறது.

#10 வால்வு_வாத்தியார்

அப்படியானால் விற்பனையாளருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காரணம் இது. பம்பின் வேகத்தைக் குறைத்தால் அது தரும் ஹெட் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். வால்வை மூடிய நிலையில் உங்கள் பம்ப் 85 மீட்டர் ஹெட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை 80 சதவீதமாக்கினால் அது 54 மீட்டர்தான் தரும். ஆனால் மேடு 60 மீட்டர். மோட்டார் சுற்றும், மீட்டர் ஓடும், ஒரு சொட்டுத் தண்ணீரும் மேலே வராது. சாயப்பட்டறையில் நீங்கள் கண்ட சேமிப்பு, உராய்வை மட்டுமே எதிர்த்துச் சுற்றும் விசிறிக்கும் சுழற்சிப் பம்புக்கும் உரியது. உயரத்தை எதிர்த்து ஏற்றும் இடத்தில் அந்தச் சேமிப்புக் கிடைப்பதில்லை. தேவை குறையும்போது ஓடும் பம்புகளில் ஒன்றை நிறுத்துவதுதான் இங்கே மிச்சம். ஊருக்குள் தேவைக்கேற்ப அழுத்தம் மாறும் விநியோகப் பம்புகளாக இருந்தால் நானே வி.எஃப்.டி. போடச் சொல்வேன்.

கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள ஓர் எண் சொல்கிறேன். இழப்பே இல்லாத உலகில் ஒரு யூனிட் மின்சாரம் 367 கன மீட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்தும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 சதவீதத் திறனில் ஓடினால் அது 257 ஆகிறது. உங்கள் 12,000 கன மீட்டரை 70 மீட்டர் ஏற்ற நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,270 யூனிட் ஆகும். இதைக் கடல்நீருடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ளதைப் போன்ற எதிர்ச்சவ்வூடு பரவல் நிலையங்களில் ஒரு கன மீட்டருக்கே 3 முதல் 4 யூனிட் வரை தேவைப்படுகிறது. 10 கோடி லிட்டர் நிலையம் என்றால் அன்றாடம் 3 லட்சம் யூனிட்டுக்கு மேல். அங்கே மின்வேலை என்பது தண்ணீர் வேலையின் ஓர் அங்கமல்ல. தண்ணீர் வேலைதான் மின்வேலையின் ஓர் அங்கம்.

#11 பெரம்பூர்_மின்பணி

இதை நான் அப்படியே வழிமொழிகிறேன். ஆனால் ஸ்டார்-டெல்டாவோடு நிற்காமல், மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் கேட்டுப் பாருங்கள்; கிராமத்து 11 கிலோவோல்ட் லைனின் கடைசி முனையில் உங்கள் நிலையம் இருந்தால், மோட்டார் கிளம்பும்போது மற்றவர்கள் வீட்டு விளக்கு மங்காமல் இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சாஃப்ட் ஸ்டார்ட்டர் பம்பை மெதுவாக நிறுத்தும் என்பதால் குழாயில் நீர்ச்சுத்தியல், அதாவது தண்ணீர் திடீரென நிற்பதால் விழும் அடி, இருக்காது என்று சொல்வார்கள். நீங்கள் பொத்தானை அழுத்தி நிறுத்தினால் அது உண்மை. லைனே போய்விட்டால் அந்தக் கருவிக்கும் உயிர் இருக்காது. எல்லாப் பம்புகளும் ஒரே நொடியில் நிற்கும், மேலேறிக்கொண்டிருந்த தண்ணீர்த் தூண் திரும்பிவந்து அடிக்கும். அந்த அடியைக் காற்றடைத்த தொட்டியான ஏர் வெசலும் அதற்குரிய வால்வுகளும்தான் தாங்க வேண்டும், நம் பேனல் அல்ல. இதை எழுத்தில் முதன்மை ஒப்பந்ததாரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழாய் வெடித்த பிறகு, "உங்கள் ஸ்டார்ட்டர் சரியில்லை" என்று கடிதம் எனக்கு வந்திருக்கிறது.

லைன் திரும்ப வந்ததும் பம்புகள் தாமாகக் கிளம்பக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள். செங்குத்து டர்பைன் பம்பாக இருந்தால், குழாயிலிருந்து தண்ணீர் இறங்கும்போது பம்ப் பின்னோக்கிச் சுற்ற முயலும். அந்தப் பின்சுழற்சியைத் தடுக்கும் பல் தேய்ந்திருந்து, அந்நேரத்தில் மின்சாரமும் வந்து சேர்ந்தால் தண்டு முறிந்துவிடும். டைமரில் சில நிமிட இடைவெளி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்புங்கள்.

#12 கருவியியல்_பெண்

நான் நிலையங்களில் லெவல், ஃப்ளோ, குளோரின் அளவுக் கருவிகளைப் பொருத்துகிறேன். எங்களுக்கும் மின் ஒப்பந்ததாரருக்கும் இடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. பேச்சு இவ்வளவு தூரம் வந்ததால் இங்கேயே வைக்கிறேன். சிக்னல் கேபிளைப் பவர் கேபிள் டிரேயிலேயே போடாதீர்கள். இடம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் தொட்டியின் மட்டம் திரையில் துள்ளும். அப்புறம் கருவி சரியில்லை என்று எங்களைத் திட்டுவார்கள். சிக்னல் கேபிளின் உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

திறந்த வெளியில் ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் உயரமாக நிற்பவை நம் கட்டடங்கள்தான் என்பதால், இடி எங்கள் கருவிகளைத் தேடி வரும். அந்த அதிர்விலிருந்து கருவியைக் காக்கும் சர்ஜ் அரெஸ்டரை விலைப்பட்டியலில் கடைசி வரியாக வைத்துப் பேரம் பேசும்போது முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

#13 வால்வு_வாத்தியார்

துள்ளும் மட்டத்தைப் பற்றிப் பேசியதால், எங்கள் பக்கத்துக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். கிணற்றில் மட்டம் குறைந்தால் பம்பை நிறுத்தும் இன்டர்லாக் அடிக்கடி காரணமில்லாமல் பம்பை நிறுத்தும். ஊரில் தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்வார்கள். ஆபரேட்டர் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு வயரைச் செருகி அதை ஊமையாக்கிவிடுவார். பிறகு ஒரு கோடையில் உண்மையிலேயே மட்டம் இறங்கும்போது பம்ப் வறட்டில் ஓடி, தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங் கருகும். விசாரணையில் அந்தத் துண்டு வயர் யார் செருகியது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

#14 பெரம்பூர்_மின்பணி

ஐயா, அந்தத் துண்டு வயரைச் செருகியவரை நான் குறை சொல்ல மாட்டேன். பொய்யாகக் கத்தும் காவலனை எவரும் வாயடைக்கத்தான் செய்வார்கள். மட்டம் குறைந்த கணமே நிறுத்தாமல், பத்து நொடி தொடர்ந்து குறைவாக இருந்தால் மட்டும் நிறுத்தும்படி ஒரு டைமரைச் சேர்த்திருந்தால் அலையடிப்புக்கெல்லாம் பம்ப் நின்றிருக்காது. அதைச் செய்யாதது நாங்கள். ஆகவே, வேண்டுமென்றே ஒரு பைபாஸ் சாவியையும் வைத்து, அதைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரியும்படி இப்போது செய்கிறேன். ஒளிந்து செய்வதை வெளிச்சத்தில் செய்யட்டும்.

#15 பேனல்_அம்பத்தூர்

வெள்ளத்தையும் ஒரு வரி சொல்லிவிடுவோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மூழ்கிய பேனல்கள் வரிசையாக எங்கள் பட்டறைக்கு வந்தன. மோட்டார்களைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, சூடேற்றி உலர்த்தி, மின்காப்பைச் சோதிக்கும் மெகரில் அளவு தேறிய பின் பெரும்பாலானவற்றை மீட்டோம். பஸ்பாரும் தேறியது. பிரேக்கர், ரிலே, பி.எல்.சி., டிரைவ் எதையும் மீண்டும் பயன்படுத்த நாங்கள் ஒப்பவில்லை. காய்ந்ததும் ஓடுகிறதே என்று சண்டை போட்டவர்கள் உண்டு. ஓடும், ஆனால் சேறு உள்ளே போன பிரேக்கர், அறுக்க வேண்டிய நாளில் அறுக்காது. தம்பி, உங்கள் பேனல் அறையின் தரைமட்டம் ஆற்றின் பழைய வெள்ளக் குறியைவிட எவ்வளவு உயரம் என்பதைக் கேட்டீர்களா?

#16 மில்_வயரிங்

கேட்டேன். குறியைவிட ஒரு மீட்டர் மேலே. ஆனால் கேபிள் டிரெஞ்சின் அடி அந்தக் குறிக்குக் கீழே இருக்கிறது. டிரெஞ்சுக்கு வடிகால் குழியும் தானியங்கிப் பம்பும் வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். கூடுதல் வேலை என்று சொல்லிக் கட்டணம் தர மறுக்கிறார்கள்.

பணம் பற்றியும் ஒரு கேள்வி. முதன்மை ஒப்பந்ததாரருக்குத் துறையிடமிருந்து பணம் வந்தால்தான் எனக்கு வரும் என்று பேக்-டு-பேக் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். கையெழுத்திடலாமா?

#17 பெரம்பூர்_மின்பணி

எங்கள் தொழிலில் பாதிப் பேரை மூடவைத்தது அந்த ஒரு வரிதான். கட்டுமானம் முடியும்வரை நமக்கு இடம் தர மாட்டார்கள்; இடம் கிடைத்ததும் ஒரு மாதத்தில் முடி என்பார்கள்; முடித்தால் சோதனை ஓட்டத்துக்கு ஆற்றில் தண்ணீர் இருக்காது. பிறகு மின் ஆய்வாளரின் பாதுகாப்புச் சான்று, மின்சுமைக்கான அனுமதி, மின்வாரிய இணைப்பு என்று ஒவ்வொன்றாக நகரும். இத்தனையும் முடிந்தால்தான் ஒப்படைப்பு. குறைபாட்டுப் பொறுப்புக் காலமும் பிடித்தம் செய்த தொகை திரும்பும் கணக்கும் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

அதனால் மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள். பேனலும் கேபிளும் தளத்தில் வந்திறங்கியதும் அவற்றின் விலையில் பெரும்பகுதி, துறையின் பணத்துக்குக் காத்திராமல், உங்களுக்கு வர வேண்டும். தாமதம் உங்களால் அல்லாதபோது உத்தரவாதக் காலம் பொருள் வந்த நாளிலிருந்து ஓடிவிடக் கூடாது. இல்லையென்றால் பேனல் தயாரிப்பாளரின் உத்தரவாதம் நிலையம் ஓடும் முன்பே முடிந்துவிடும். மூன்றாவது, நிலையம் இயங்காமல் கிடக்கும் மாதங்களில் ஸ்பேஸ் ஹீட்டருக்குத் தற்காலிக மின்சாரம் தருவது அவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். ஓடும் பேனலைவிட ஓடாமல் கிடக்கும் பேனல்தான் சீக்கிரம் கெடும்.

#18 வால்வு_வாத்தியார்

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைச் செம்பரம்பாக்கம் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்தார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கம் வந்த தண்ணீர் கீழ்ப்பாக்கத்துக்குப் போயிற்று. அந்த நாட்களில் தற்காலிகப் பம்புகளுக்கும் அவற்றின் கேபிள்களுக்கும் அவசரமாக மின்சாரம் கொடுத்தவர்கள் நீங்கள்தான். பொதுவாக ஒப்பந்ததாரர்களைத் திட்டுவது என் வழக்கம். இதையும் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது.

#19 மில்_வயரிங்

ஐயா, அண்ணா, அம்மா, எல்லோருக்கும் நன்றி. இன்று தளத்துக்குப் போய் வந்தேன். மேற்குச் சன்னல்களை அடைத்துக் கிழக்கே மாற்ற ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கட்டுமானம் இன்னும் லிண்டல் மட்டத்துக்கு வராததால் செலவில்லை. டிரெஞ்சில் அடைப்புச் சுவருக்கு நானே கொத்தனாரை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வடிகால் பம்புக்கு இன்னும் பதில் இல்லை. ஸ்லிப் ரிங் பெட்டி யாருடைய பொறுப்பு என்று கேட்டேன். பாலம் செய்பவர் மின் ஒப்பந்ததாரர் என்கிறார். என் ஒப்பந்தத்தில் அந்த வார்த்தையே இல்லை.

#20 பெரம்பூர்_மின்பணி

அது எப்போதும் யாருடைய ஒப்பந்தத்திலும் இருக்காது, தம்பி. இன்றைக்கே கடிதம் எழுதுங்கள். பெட்டியும் வளையமும் பாலம் செய்பவருடையவை, தூணுக்குள் வரும் கேபிளும் கிளாண்டும் அடைப்பும் உங்களுடையவை என்று எல்லையைப் பிரித்து, படம் வரைந்து, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடிக்குழாயைக் கான்கிரீட் போடும் முன்பே போய்ப் பாருங்கள். பின்னால் அதன் விட்டம் போதவில்லை என்று தெரிந்தால் தொட்டியை உடைக்க முடியாது.